வான் பிரவுனும் அந்தக் குட்டி ராக்கெட்டும்

1969-ஆம் ஆண்டு ஜூலை 16. ஆர்ம்ஸ்ட்ராங்கையும் மற்ற இருவரையும் ஏற்றிக்கொண்டு ஃபுளோரிடாவிலிருந்து கிளம்பிய சட்டர்ன் 5 ராக்கெட்டின் உயரம் ஏறக்குறைய 110 மீட்டர். அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைவர் வெர்னர் வான் பிரவுன். விண்வெளியில் ஆர்வம் உள்ள நம் இளைஞர்களுக்கு இந்தப் பெயர் புதுசு இல்லை. ஆனால் இதே மனிதர் முப்பது வருஷத்துக்கு முன்னால், வேறொரு நாட்டில், வேறொரு கொடியின் கீழ், 6 மீட்டர்கூட இல்லாத ஒரு ராக்கெட்டை மேலே விட்டு, பாராசூட்டில் இறக்கி, கடலிலிருந்து பொறுக்கி எடுத்து, மறுபடியும் மேலே விட்டுக்கொண்டிருந்தார். அதன் பெயர் ஏ-5. அதில் வெடிகுண்டு கிடையாது. பிறகு வரப்போகும் ஒரு பெரிய ஏவுகணைக்குத் தேவையான பாகங்களைச் சோதித்துப் பார்ப்பதுதான் அதன் ஒரே வேலை. இவர் எப்படிப்பட்ட மனிதர் என்று புரிந்துகொள்ள எனக்கு உதவியது நிலாவுக்குப் போன ராக்கெட் இல்லை, இந்தக் குட்டி ராக்கெட்தான்.

வான் பிரவுன் 1912 மார்ச் 23-இல் பிறந்தவர். பிறந்த ஊர் அப்போது ஜெர்மனியில் இருந்தது, இப்போது போலந்தில் இருக்கிறது. பெரிய குடும்பம். அப்பா பிறகு அமைச்சராகவும் இருந்தவர். அம்மா ஒரு தொலைநோக்கி வாங்கிக் கொடுத்தார், அதில் ஆரம்பித்தது பைத்தியம். 12 வயதில் ஒரு தள்ளுவண்டியில் வாணவெடிகளைக் கட்டி பெர்லின் தெருவில் விட்டு, போலீஸ்காரரிடம் பிடிபட்டார். படிப்பில் கெட்டிக்காரரா என்றால், கணிதத்திலும் இயற்பியலிலும் ரொம்ப மோசம். அந்தச் சமயத்தில்தான் ஹெர்மன் ஓபெர்த் 1923-இல் எழுதிய விண்வெளி ராக்கெட் பற்றிய புத்தகம் கைக்குக் கிடைத்தது. திறந்து பார்த்தால் பக்கம் பக்கமாகச் சமன்பாடுகள். ஒன்றும் புரியவில்லை. இது புரிய வேண்டுமென்றால் கணிதம் தெரிய வேண்டும் என்று தெரிந்ததும் உட்கார்ந்து படித்தார், கொஞ்ச நாளில் வகுப்பிலேயே முன்னுக்கு வந்துவிட்டார். கூடுதல் கணிதத்தைப் பார்த்தாலே ஓடுகிற நம்ம படிவம் 4 தம்பி தங்கைகளுக்கு இந்தக் கதையை அடிக்கடி சொல்வார்கள். உண்மைக் கதைதான். ஆனால் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுவார்கள்.

18 வயதில் பெர்லினில் இருந்த ராக்கெட் ஆர்வலர் சங்கத்தில் சேர்ந்தார். அவர்களிடம் காசே கிடையாது. பழைய சாமான்களைக் கேட்டு வாங்கி ராக்கெட் செய்வார்கள். அதே நேரத்தில் ஜெர்மன் ராணுவமும் ராக்கெட்டைத் தேடிக்கொண்டிருந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு செய்துகொண்ட வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனி பெரிய பீரங்கி வைத்துக்கொள்ளக் கட்டுப்பாடு போட்டது, ராக்கெட்டைப் பற்றி எதுவும் பேசவில்லை. 1932-இல் ராணுவம் 20 வயது வான் பிரவுனைக் கூப்பிட்டது. பணம் தருகிறோம், இடம் தருகிறோம், ஆராய்ச்சி செய்துகொள், ஆனால் ரகசியம். அவர் சரி என்றார். அடுத்த ஆண்டு ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். 1934-இல் வான் பிரவுன் முனைவர் பட்டம் வாங்கியபோது ஆய்வேட்டையே ராணுவம் பூட்டி வைத்துவிட்டது.

இனி ராக்கெட்டுக்கு வருவோம். அவர் குழு செய்த வரிசைக்கு ஏ-1, ஏ-2 என்று பெயர். ஏ-1 வெடித்துப் போனது. 1934 டிசம்பரில் வட கடலில் உள்ள போர்க்கும் தீவிலிருந்து விட்ட இரண்டு ஏ-2 ராக்கெட்டுகள் 2 கிலோமீட்டருக்கு மேல் போயின. ராணுவத்துக்குச் சந்தோஷம், பணம் கொட்டியது. பால்டிக் கடற்கரையில் பீனமுண்டே என்ற இடத்தில் பெரிய ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. அந்த இடத்தைச் சொன்னது வான் பிரவுனின் அம்மாதான். அவருடைய அப்பா அங்கே வாத்து வேட்டைக்குப் போவாராம்.

1937 டிசம்பரில் பீனமுண்டேவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தீவிலிருந்து ஏ-3 விட்டார்கள். நான்கு விட்டார்கள், நான்கும் தோல்வி. முதலாவது கிளம்பி சில வினாடியிலேயே பாராசூட் தானாக வெளியே வந்து ராக்கெட் பக்கத்திலேயே விழுந்தது. பாராசூட்தான் காரணம் என்று நினைத்து அடுத்து அதைக் கழற்றிவிட்டும் பார்த்தார்கள், அப்போதும் ராக்கெட் காற்று வந்த பக்கமே திரும்பிக் கவிழ்ந்தது.

இது ஏன் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதையின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது. வால் சிறகு உள்ள எந்தப் பொருளும், அம்பு மாதிரி, காற்று எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் மூக்கைத் திருப்பும். ராக்கெட் கிளம்பும்போது வேகம் குறைவு. அப்போது பக்கவாட்டில் கடல்காற்று அடித்தால் மூக்கு அந்தப் பக்கம் சாயும். அதைச் சரிசெய்யவேண்டியது உள்ளே இருக்கும் கைரோஸ்கோப். பம்பரம் சுழலும்போது எப்படி சாயாமல் நிற்கிறதோ, அதே தத்துவம்தான். கைரோஸ்கோப் சாய்வைக் கண்டுபிடித்துச் சொல்லும், உடனே நெருப்புத் தாரைக்குள் வைத்திருக்கும் சின்னச் சின்னச் சுக்கான் தகடுகள் திரும்பி ராக்கெட்டை நிமிர்த்தும். ஏ-3-இல் தகடுகளுக்கு அந்த அளவுக்குப் பலம் போதவில்லை, அவை திரும்பிய வேகமும் போதவில்லை. எங்கள் வகுப்பில் கட்டுப்பாட்டு அமைப்புப் பாடம் எடுக்கும்போது முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிவிடுகிறார்கள். 1937-இல் அதைச் சொல்லித்தர உலகத்தில் ஆள் கிடையாது.

ராணுவத்துக்கு உண்மையில் வேண்டியது இதெல்லாம் இல்லை. ஒரு டன் வெடிமருந்தை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம் கொண்டுபோகும் பெரிய ராக்கெட். அதற்கு ஏ-4 என்ற பெயரையும் முன்கூட்டியே ஒதுக்கி வைத்துவிட்டார்கள். ஏ-3 தோற்றதால் நடுவில் இன்னொரு சோதனை ராக்கெட் தேவைப்பட்டது. 4 என்ற எண் போய்விட்டதால் இதற்கு 5 என்று வைத்தார்கள். 4-க்கு முன்னால் 5 வந்த காரணம் இவ்வளவுதான்.

ஏ-5 நீளம் 5.8 மீட்டர், எடை சுமார் 900 கிலோ. எஞ்சின் ஏ-3-இல் இருந்த அதே எஞ்சின்தான்: ஆல்கஹாலும் திரவ ஆக்சிஜனும் எரிந்து 1,500 கிலோ உந்துவிசை தரும், சுமார் 45 வினாடி எரியும். மாற்றியது மற்ற எல்லாவற்றையும். வால் சிறகை அகலமாக்கினார்கள். மேலே போகப் போகக் காற்று குறையும், நெருப்புத் தாரை விரியும், அது சிறகைச் சுடாத மாதிரி வடிவத்தை மாற்றினார்கள். சுக்கான் தகடுகளை விலை உயர்ந்த உலோகத்தில் செய்வதை விட்டு கிராஃபைட்டில் செய்தார்கள், நெருப்பையும் தாங்கியது, விலையும் ரொம்பக் குறைந்தது. வழிநடத்தும் கருவியை ஒரே கம்பெனியை நம்பிக் கொடுக்காமல் வேறு வேறு கம்பெனிகளைச் செய்யச் சொல்லி, எது நன்றாக வேலை செய்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சின்ன மாதிரிகளை விமானத்திலிருந்து கீழே போட்டு, ஒலி வேகத்துக்குப் பக்கத்தில் போகும்போது நிலையாக இருக்கிறதா என்று சோதித்தார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பாராசூட் விஷயம். ராக்கெட் உச்சிக்குப் போனதும் கீழேயிருந்து ரேடியோவில் கட்டளை போகும், பாராசூட் விரியும், ராக்கெட் கடலில் மெதுவாக இறங்கி மிதக்கும். படகு போய் இழுத்து வரும். உடைந்த ராக்கெட்டைப் பார்த்து என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க வேண்டியதில்லை. முழு ராக்கெட்டே கையில் இருக்கும், எது தேய்ந்தது, எது எரிந்தது என்று கண்ணால் பார்க்கலாம். துடைத்துக் காயவைத்து மறுபடியும் விடலாம். ஒரு மாணவனாகச் சொல்கிறேன், இதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. எவ்வளவு அழகான வேலை! இங்கே சொல்வதற்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த அழகைச் சொல்லாமல் மீதிக் கதையைச் சொன்னால் அது நியாயமாக இருக்காது.

வழிநடத்தும் கருவியோடு முதல் ஏ-5 கிளம்பியது 1939 அக்டோபரில். போர் ஆரம்பித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கோடு போட்ட மாதிரி நேராக மேலே போனது, பாராசூட்டில் இறங்கியது. பிறகு சாய்ந்த பாதையில் விட்டார்கள், அதுவும் சரியாகப் போனது. அடுத்த சில வருஷங்களில் பல பத்து ஏ-5-கள் பறந்தன. அதிகபட்சம் 12 கிலோமீட்டர் உயரம், 18 கிலோமீட்டர் தூரம். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு பாகம் தேறியது. தேறிய ஒவ்வொன்றும் ஏ-4-க்குப் போனது.

1942 அக்டோபர் 3. அதற்கு முன் இரண்டு முறை தோற்ற ஏ-4, மூன்றாவது முயற்சியில் 80 கிலோமீட்டருக்கு மேல் உயரம் போய் 190 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் விழுந்தது. மனிதன் செய்த பொருள் விண்வெளியின் விளிம்பைத் தொட்டது. நீளம் 14 மீட்டர், எடை 13 டன் அளவு. இதைத்தான் ஹிட்லரின் ஆட்கள் பிறகு வி-2 என்று கூப்பிட்டார்கள்.

இதற்கிடையில் வான் பிரவுன் 1937-இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார், 1940-இல் எஸ்எஸ் படையில் சேர்ந்தார், அதில் மேஜர் தரம் வரைக்கும் போனார். சேராவிட்டால் வேலையை விட வேண்டியிருக்கும் என்பது பிறகு அவர் கொடுத்த விளக்கம். இருக்கலாம். வேலையை விடுவது என்பது ஒரு வழி என்று அவர் எண்ணியதாகத் தெரியவில்லை.

1943 ஆகஸ்டில் பிரிட்டிஷ் விமானங்கள் பீனமுண்டேவைக் குண்டு போட்டுத் தாக்கின. உற்பத்தியை நிலத்துக்கு மேலே வைத்தால் ஆபத்து என்று நோர்ட்ஹௌசன் பக்கத்தில் ஒரு மலைக்குள் இருந்த சுரங்கத்துக்கு மாற்றினார்கள். வேலை செய்ய ஆள்? புக்கன்வால்ட் வதை முகாமிலிருந்து கைதிகளைக் கொண்டுவந்தார்கள். அந்தப் புது முகாமின் பெயர் டோரா. முதல் சில மாதங்கள் கைதிகள் சுரங்கத்துக்குள்ளேயே தூங்கினார்கள். வெளிச்சம் கிடையாது, தண்ணீர் போதாது, பாறை உடைக்கும் தூசியும் வெடிச்சத்தமும் இரவு பகலாக. பசியால், நோயால், அடியால் செத்தார்கள். நாசவேலை செய்ததாகச் சந்தேகப்பட்டவர்களைத் தூக்கில் போட்டு, மற்றவர்கள் பார்க்க வைத்தார்கள். டோராவுக்கும் அதைச் சேர்ந்த முகாம்களுக்கும் போன சுமார் 60,000 பேரில் ஏறக்குறைய 20,000 பேர் திரும்பவில்லை.

1944 செப்டம்பர் 8-இலிருந்து வி-2 லண்டன் மேல் விழ ஆரம்பித்தது. ஒலியை விட வேகமாக வருவதால் சைரன் கிடையாது, சத்தம் கிடையாது. வெடித்த பிறகுதான் அது வந்த சத்தமே கேட்கும். டிசம்பர் 16-இல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் ஒரு சினிமா தியேட்டர் மேல் விழுந்து 567 பேர் இறந்தார்கள். மொத்தமாக 3,000-க்கு மேல் வி-2 ஏவப்பட்டது. இருந்தும், அது விழுந்து இறந்தவர்களை விட அதைச் செய்த முகாம்களில் இறந்தவர்கள்தான் அதிகம். இப்படி ஓர் ஆயுதம் வேறு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

வான் பிரவுனுக்கு இது தெரியாதா? தெரியும். சுரங்கத்துக்கு அவர் பல தடவை போயிருக்கிறார். 1944 ஆகஸ்டில் அவர் எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது. தானே புக்கன்வால்டுக்குப் போய், தொழில்நுட்பம் தெரிந்த கைதிகளைத் தேடிப் பார்த்து, அவர்களைச் சுரங்கத்துக்கு மாற்ற ஏற்பாடு செய்ததை அதில் எழுதியிருக்கிறார். சாதாரண ஒரு வேலைக் கடிதம் மாதிரிதான் இருக்கும், ஏதோ உதிரி பாகத்துக்கு ஆர்டர் கொடுக்கிற மாதிரி.

இந்த இடத்தில் நமக்கு இராமாயணம் ஞாபகம் வராமல் இருக்காது. இராவணனின் சபையில் தம்பிகள் இருவர். விபீஷணன் நீ செய்வது தப்பு என்று சொன்னான், கேட்காதபோது விலகிப் போனான். கும்பகர்ணனும் தப்பு என்றுதான் சொன்னான், ஆனால் சோறு போட்ட அண்ணனை விடமாட்டேன் என்று போருக்குப் போய்ச் செத்தான். இரண்டு பேரில் யார் உயர்ந்தவர் என்று நம் பட்டிமன்றங்களில் இன்றைக்கும் விவாதம் நடக்கிறது. வான் பிரவுன் இந்த இருவரில் யாருமில்லை. சபையில் தப்பு என்று அவர் சொன்னதற்குச் சாட்சியே இல்லை. விபீஷணன் போல எதிர்ப்பக்கம் வந்தார்தான், ஆனால் போர் தோற்றுப்போன பிறகு. சில பேர் அவருக்காக வாதாடும்போது, 1944 மார்ச்சில் நாஜிகளே அவரைக் கைது செய்தார்களே என்பார்கள். உண்மைதான், இரண்டு வாரம் போல உள்ளே இருந்தார். காரணம், ஆயுதத்தை விட விண்வெளிப் பயணத்தில்தான் அவருக்கு மனசு என்று யாரோ போட்டுக் கொடுத்தது. கைதிகளுக்காகப் பேசினார் என்பதற்காக இல்லை.

1945 மே 2. ஆல்ப்ஸ் மலைப் பக்கம், கார் விபத்தில் உடைந்த கையில் மாவுக்கட்டோடு, அமெரிக்கப் படையிடம் சரணடைந்தார். முதலில் அவருடைய தம்பி மாக்னஸ் சைக்கிளில் போய் அமெரிக்க வீரரிடம் விஷயத்தைச் சொன்னார். அமெரிக்கா வான் பிரவுனையும் நூற்றுக்கு மேற்பட்ட சகாக்களையும் அழைத்துக்கொண்டது. கட்சி, எஸ்எஸ், டோரா எல்லாம் கோப்புக்குள் போய்விட்டது. ரஷ்யாவோடு போட்டி ஆரம்பித்திருந்த காலம், யாரும் ரொம்பக் கேட்கவில்லை.

டெக்சாஸில் சில வருஷம், 1950-இலிருந்து அலபாமா மாநிலம் ஹன்ட்ஸ்வில். அங்கே அவர் செய்த ரெட்ஸ்டோன் ஏவுகணை வி-2-இன் நேர் வாரிசு. அப்புறம் மறுபடியும் ஒரு சோதனை ராக்கெட் வந்தது, ஜூபிட்டர்-சி. விண்வெளிக்குப் போய்த் திரும்பும் ஏவுகணையின் மூக்குக் கூம்பு காற்றின் உரசலில் எரிந்து போகாமல் இருக்குமா என்று பார்ப்பதுதான் இதன் வேலை. 1956 செப்டம்பர் 20-இல் இது 1,000 கிலோமீட்டருக்கு மேல் உயரம் போனது. நான்காவது அடுக்கில் எரிபொருளுக்குப் பதில் மணலை நிரப்பி வைத்திருந்தார்கள். அதில் எரிபொருள் இருந்திருந்தால் ரஷ்யாவின் ஸ்புட்னிக்குக்கு ஒரு வருஷம் முன்பே இவர்கள் துணைக்கோள் விட்டிருக்கலாம். வான் பிரவுன் யாருக்கும் தெரியாமல் அப்படிச் செய்துவிடுவாரோ என்று மேலிடத்துக்குப் பயம், மணல்தான் இருக்கிறதா என்று சரிபார்க்கச் சொன்னார்கள்! 1957 ஆகஸ்டில் இதே ராக்கெட் கொண்டுபோன கூம்பைக் கடலிலிருந்து மீட்டார்கள், அதை அதிபர் ஐசன்ஹோவர் தொலைக்காட்சியில் காட்டினார். ஸ்புட்னிக் பறந்த பிறகு, 1958 ஜனவரி 31-இல், மணல் இருந்த இடத்தில் உண்மையான எஞ்சினை வைத்து அமெரிக்காவின் முதல் துணைக்கோள் எக்ஸ்புளோரர் 1-ஐ அனுப்பியதும் வான் பிரவுன் குழுதான்.

நாசாவில் அவர் சட்டர்ன் 5 கட்டிய கதை ஊரறிந்தது, நீட்ட வேண்டாம். ஒரு விஷயம் மட்டும். ஏ-5 காலத்திலிருந்து அவர் பழக்கம், ஒவ்வொரு பாகமாக, ஒவ்வொரு அடுக்காகச் சோதித்துத்தான் அடுத்ததுக்குப் போவது. நாசாவின் ஜார்ஜ் முல்லர், அதற்கு நேரமில்லை, மூன்று அடுக்கையும் ஒரே தடவையில் சேர்த்து விடு என்றார். வான் பிரவுன் குழு அதிர்ந்து போனது. கடைசியில் ஒத்துக்கொண்டார்கள், 1967 நவம்பர் 9-இல் முதல் முயற்சியே வெற்றி. அதன் பிறகும் எந்த சட்டர்ன் 5-உம் வெடித்துச் சிதறவில்லை.

அலபாமாவில் கறுப்பின மக்களுக்கு ஓட்டுப் போடத் தடைகள் போடப்பட்ட 1960-களில், அது தவறு என்று வான் பிரவுன் மேடையில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அந்த ஊரில், அந்தக் காலத்தில், அது சின்ன விஷயம் இல்லை. இந்தத் தைரியம் 1943-இல் எங்கே இருந்தது என்று கேட்கவும் தோன்றுகிறது. பேசினால் உயிர் போகும் இடமும் பேசினால் நாலு பேர் முறைக்கும் இடமும் ஒன்றில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

1969-இல், நிலாப் பயணத்துக்குச் சில மாதம் முன்பு, டோரா முகாம் காவலர்கள் மீது மேற்கு ஜெர்மனியில் நடந்த வழக்குக்காக அவரிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். சுரங்கத்துக்குப் போனதை ஒப்புக்கொண்டார், கொலை எதையும் பார்க்கவில்லை என்றார். அது அமெரிக்காவில் பெரிய செய்தியாகவில்லை. ஜூலையில் உலகமே அவரைக் கொண்டாடியது.

1972-இல் நாசாவை விட்டு ஃபேர்சைல்ட் கம்பெனிக்குப் போனார். அந்தக் கம்பெனி கட்டிய ஏடிஎஸ்-6 துணைக்கோள் வழியாகத்தான் 1975-76-இல் இந்தியாவில் 2,400 கிராமங்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி ஒளிபரப்பானது. 1977 ஜூன் 16-இல் புற்றுநோயால் வான் பிரவுன் காலமானார். வயது 65.

பீனமுண்டேயில் அவரோடு வேலை செய்தவர் ஆர்தர் ருடால்ஃப். 1943-இல் உற்பத்திக்குக் கைதிகளைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தவர், சுரங்கத் தொழிற்சாலையில் உற்பத்தியைக் கவனித்தவர், பிறகு அமெரிக்காவில் சட்டர்ன் 5 திட்டத்தின் மேலாளர். அமெரிக்க நீதித்துறை பழைய கோப்புகளைத் திறந்து அவரை விசாரித்தது. 1984-இல் அவர் அமெரிக்கக் குடியுரிமையை விட்டுக்கொடுத்து ஜெர்மனிக்குத் திரும்பினார். வான் பிரவுனை அப்படிக் கூப்பிட்டு விசாரிக்க வழியில்லை. அவர் இறந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது.